பெயர் போடுற நேரம்

கறுப்புத் திரையில் நீலப் புள்ளிகள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்து எழுத்தாகும். பின்னால் தேவாவின் இசை. 'சூப்பர் ஸ்டார்' என்று வாசிச்சு முடிக்க முதலே தியேட்டர் கிழியும். 1992 இல் 'அண்ணாமலை' படத்தோடு வந்த டைட்டில் கார்ட் அது. அதற்குப் பிறகு இயக்குநர்கள் மாறினார்கள், இசையமைப்பாளர்கள் மாறினார்கள். அந்தப் புள்ளிகளை மட்டும் லேசில் கைவிட ஒருத்தருக்கும் மனம் வரவில்லை.

அதில் எங்களுக்குக் கோபம் ஒன்றுமில்லை. நாங்களும் விசிலடிச்ச ஆக்கள்தான். எங்கட கேள்வி மற்ற ஆக்களின் பெயரைப் பற்றியது.

டைட்டிலில் யார் எங்கே வரவேண்டும் என்பது சும்மா அமைந்த விசயமில்லை. முதலில் கம்பனி, பிறகு நாயகன், படத்தின் பெயர், மற்ற நடிகர்கள், தொழில்நுட்பக்காரர், கடைசியாக இயக்கம். கடைசி இடம்தான் பெரிய இடம். ஹொலிவூட்டில் இயக்குநர் சங்கம் இதை விதியாகவே வைத்திருக்கிறது. 1980 இல் 'த எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' படத்தில் இயக்குநரின் பெயரை முடிவில் போட்டதற்காக ஜோர்ஜ் லூகாஸ் தண்டம் கட்டவேண்டி வந்தது. கட்டிவிட்டு சங்கத்தை விட்டே விலகினார். ஒரு பெயர் முன்னுக்கு வருவதா பின்னுக்கு வருவதா என்பதற்கு அவ்வளவு சண்டை! தமிழ்ப் படங்களில் அப்படி எழுதின விதி கண்ணில் படாவிட்டாலும் வரிசை கிட்டத்தட்ட அதேதான். பாரதிராஜா ஒருபடி மேலே போய், 'என் இனிய தமிழ் மக்களே' என்று தன் குரலிலேயே படத்தைத் தொடங்கி வைப்பார்.

பழைய படங்களில் பெயரெல்லாம் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். ஒப்பனை, உடை, ஸ்டில்ஸ், உதவி இயக்கம் எல்லாம் ஒரு பாட்டுக்குள்ளே ஓடும். முடிவில் 'வணக்கம்' அல்லது 'சுபம்', அவ்வளவுதான். இப்போது தொடக்கத்தில் பெரிய ஆக்கள் மட்டும். மிச்சப்பேர் எல்லாரும் கடைசியில் உருண்டு வருவினம். அந்நேரம் தியேட்டரில் லைட் போட்டு, கதவு திறந்து, சனம் வாசலுக்குப் போயிடும். போனில் பார்த்தால் இன்னும் மோசம். பெயர்கள் ஒரு மூலைப் பெட்டிக்குள் சுருங்க, அடுத்த படம் ஓடத் தொடங்கிவிடும்.

பெயர் வந்தால் சனம் பார்க்காது என்பார்கள். 1955 இல் சோல் பாஸ் 'த மேன் வித் த கோல்டன் ஆர்ம்' படத்துக்கு வெள்ளைக் கோடுகளால் டைட்டில் செய்தார். அதுவரை பல தியேட்டர்களில் பெயர் ஓடி முடியும்வரை திரைச்சீலையைக்கூட விலக்கமாட்டார்கள். டைட்டில் தொடங்க முதலே சீலையை விலக்கச் சொல்லி படச்சுருளோடு குறிப்பு ஒட்டி அனுப்பினார்களாம். பார்க்கிற மாதிரிச் செய்தால் சனம் பார்க்கும்.

இதையெல்லாம் நாங்கள் கதைப்பது எங்கட குறும்படங்களுக்காகத்தான். பத்து நிமிசப் படத்தில் ஒன்றரை நிமிசம் டைட்டில். கதை, திரைக்கதை, படத்தொகுப்பு, இயக்கம் என்று ஒரே பெயர் நாலுதரம் வரும். பூம் மைக்கை மூன்று நாள் வெயிலில் பிடிச்சு நின்ற பெடியன், வீட்டைப் படப்பிடிப்புக்கு விட்டுத்தந்து எல்லாருக்கும் சோறும் போட்ட அன்ரி, ஓட்டோவைத் தந்த அண்ணை, இவர்களுக்கு முடிவில் ஒரே வரி: 'மற்றும் நண்பர்கள்'. அதுவும் ஆங்கில எழுத்தில், கண்ணுக்குத் தெரியாத அளவில்.

இந்தியாவில் சம்பளம் வாங்கி வேலை செய்கிறவரின் பெயர் விடுபட்டால் அது அநியாயம். இங்கே பெரும்பாலும் ஒருத்தருக்கும் சம்பளமே இல்லை. பெயர் மட்டும்தான் கையில் கிடைப்பது. அதையும் 'நண்பர்கள்' என்று விழுங்கினால் என்ன மிச்சம்?

யூடியூப்பில் முதல் அரை நிமிசத்துக்குள் ஆளைப் பிடிக்காவிட்டால் தள்ளிவிட்டுப் போயிடுவினம் என்று எங்கட கூட்டாளிகளே சொல்கிறார்கள். நியாயம்தான். ஆனால் பெயரைக் கறுப்பு அட்டையில்தான் போடவேணும் என்று யார் சொன்னது? கதையைத் தொடங்குங்கோ. நாயகி பஸ்ஸில் போகிறாள் என்றால், அந்தப் பஸ் ஓடுகிற காட்சியின் மேலே பெயர்கள் வந்து போகட்டும். நாலு தரம் வருகிற உங்கட பெயரை ஒருதரம் ஆக்கினாலே மூன்று பேருக்கு இடம் கிடைக்கும்.

படப்பிடிப்பு முடிகிற அன்று ஒரு கொப்பியைச் சுத்திக் கொடுங்கோ. ஒவ்வொருத்தரும் தங்கட பெயரைத் தமிழில், தாங்கள் எழுதுகிற மாதிரியே, முதலெழுத்தோட எழுதித் தரட்டும். சோறு போட்ட அன்ரியிட்டயும் கொடுங்கோ.