செவிக்கும் வரம்பு உண்டு

காவல்துறை, தீயணைப்புத்துறை ஆகியவற்றின் வானொலிப் பேச்சுகளைத் தேடிப் பிடித்துத் தரும் கருவியே 'ஸ்கேனர்'. அமெரிக்காவில் இதனை வீட்டில் வைத்துக் கேட்பது பொதுவாகக் குற்றமன்று. ஆனால் நியூயார்க் மாநிலத்தில், காவல்துறை அலைவரிசையைப் பிடிக்கும் கருவியை அனுமதியின்றி வாகனத்தில் பொருத்துவோருக்கு 6 மாதம் வரை சிறையோ, 1000 டாலர் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். குற்றம் புரிந்து தப்பியோடுவோனுக்கு அக்கருவி துணையாகிவிடக் கூடாதல்லவா? செல்பேசி உரையாடலை ஒட்டுக்கேட்பதையோ 1986ஆம் ஆண்டுச் சட்டம் அந்நாடு முழுவதும் தடுத்துள்ளது.

சட்டம் இடங்கொடுத்தாலும் ஒழுங்கு வேண்டும். விபத்துச் செய்தி கேட்டு வேடிக்கை பார்க்க விரைந்தால், ஆம்புலன்சின் வழி அடைபடும். இன்னார் வீட்டில் இன்னது நேர்ந்தது எனப் பரப்பினால், உற்றார் அறியுமுன் ஊர் அறிந்துவிடும். சகோதர சகோதரிகளே! காதில் விழுந்த பிறர் துயரம் ஓர் அமானிதம். அதனைக் காப்பதே கண்ணியமாகும்.