கழற்ற முடியாத பை எதற்கு?

பிஜிஎம்ஐ விளையாடுகிறவர்களுக்கு லெவல் 3 வெஸ்ட்டும் லெவல் 3 பேக்கும் கிடைத்துவிட்டால் போதும். இரண்டும் தானாக உடம்பில் ஏறிக்கொள்ளும். ஒன்றை ஒன்று இடிக்காது, தோளும் வலிக்காது :-)

நிஜத்தில் அப்படி இல்லை. பிளேட் கேரியர் என்பது (டிபன் கேரியர் ஞாபகம் வந்தால் தப்பில்லை, இதுவும் சுமைதான்) மார்பிலும் முதுகிலும் குண்டு துளைக்காத தகடு செருகிக்கொள்ளும் சட்டை. டிஆர்டிஓவும் ஐஐடி டெல்லியும் சேர்ந்து உருவாக்கி 2024ல் அறிவித்த 'அபேத்' ஜாக்கெட், எடை குறைந்தது என்று பெயர் வாங்கியது. அதுவே பாதுகாப்பு அளவைப் பொறுத்து 8.2 அல்லது 9.5 கிலோ. இதற்கு மேல் துப்பாக்கி, தோட்டா, சாப்பாடு. மூன்று லிட்டர் தண்ணீர் என்றாலே மூன்று கிலோ.

சாதாரண முதுகுப்பையை இதன்மேல் மாட்டினால் பையின் வார் தோளில் வழுக்கும், துப்பாக்கிக் கட்டையைத் தோளில் பதிய விடாது. அதனால்தான் பையைக் கேரியரின் முதுகிலேயே நேராக மாட்டும் முறை வந்தது. நல்ல யோசனைதான். ஆனால் 'எப்படி மாட்டுவது' என்று கேட்கிற அளவுக்கு 'எப்படிக் கழற்றுவது' என்று யாரும் கேட்பதில்லை.

1990களின் கடைசியில் அமெரிக்க ராணுவம் கொண்டுவந்த 'மோல்லி' முறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அங்குலப் பட்டை, ஒரு அங்குல இடைவெளி, ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு தையல். கேரியரின் பட்டையில் ஒருமுறை, பையின் பட்டையில் ஒருமுறை என்று வாரை மாற்றி மாற்றி நுழைக்க வேண்டும். தறி பார்த்து வளர்ந்த செவிலிமேட்டுப் பையன்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். காஞ்சிப் பட்டில் உடலையும் கரையையும் இணைக்கும் கோர்வைக்கு மூன்று நாடா வேண்டும், கூட ஒரு ஆளும் வேண்டும். புடவை கிழிந்தாலும் கோர்வை விடாது என்பது ஊர்ப் பெருமை. புடவைக்கு அது சரி. முதுகுப்பைக்கு அந்தக் குணம் ஆபத்து. மோல்லியில் கோர்த்த பையைப் பிரிக்க, கேரியரையே கழற்றிக் கீழே வைத்து உட்கார வேண்டும்.

அடுத்தது ஜிப். இரண்டு பக்கமும் ஜிப் இழுத்தால் பை உடம்போடு ஒட்டி நிற்கும், ஆடாது. தன் முதுகில் உள்ள ஜிப்பைத் தானே இழுக்க முடியுமா? சேறு புகுந்தால் கேட்கவே வேண்டாம். இரண்டு கிலோ தண்ணீர்ப்பைக்கு ஜிப் போதும், அதற்கு மேல் கூடாது.

எடையிலும் சிக்கல் உண்டு. நல்ல முதுகுப்பையில் இடுப்புப்பட்டை பாரத்தில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். கேரியரில் தொங்கும் பையில் எல்லாம் தோளுக்கே. பின்பாரம் அதிகமானால் முன் தகடு மேலேறி தொண்டையில் இடிக்கும். இதயத்தை மறைக்க வேண்டிய தகடு இடம் மாறிப் போனால் அத்தனை கிலோவைச் சுமந்து என்ன பயன்?

2023 ஜூலையில் பூஞ்ச் மாவட்டத்தில் ஓடையைக் கடக்கும்போது இரண்டு ராணுவ வீரர்கள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். அதை இந்தப் பையோடு முடிச்சுப் போட வேண்டாம். ஆனால் நம் வீரர்கள் நடக்கிற பாதை அப்படிப்பட்டது. தண்ணீரில் விழுந்தவன் பின்னால் கை எட்டாமல் தவிக்கக் கூடாது.

நம் ஊர்ப் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் இருக்கும். தோளுயரம். தலைச்சுமையோடு வருகிறவர் யாரையும் கூப்பிடாமல் இறக்கி வைக்கலாம், திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். இந்தப் பைக்கும் அதே கணக்குதான். மேலே இரண்டு கொக்கி, பக்கத்தில் இரண்டு பக்கிள், நான்கும் முன்பக்கம் கைக்கு எட்ட வேண்டும். ஆவடியில் ராணுவ உடை தைக்கும் தொழிற்சாலையோ, தனியார் கம்பெனியோ, யார் தைத்தாலும் சோதனை ஒன்றுதான்: இருட்டில், கையுறையோடு, ஒற்றை ஆளாகக் கழற்றிக் காட்ட வேண்டும். பைக்குள் மெல்லிய தோள்வார் ஒன்றும் மடித்து வைத்திருக்கட்டும், கழற்றிய பிறகு அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமே.