முள்ளை முள்ளால் எடுப்போம்

பிரிக்பீல்ட்ஸ் உணவகத்து வாழையிலைச் சோறாகட்டும், கிள்ளான் வீட்டு இரவுக் கஞ்சியாகட்டும், அரிசியின்றி மலேசியரின் அன்றாட உணவு நிறைவு பெறாது. 2023-ஆம் ஆண்டில் உள்நாட்டு அரிசிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது மக்கள் பட்ட சிரமத்தை எளிதில் மறக்க இயலாது. ஆகவே, வயலில் வீணாகும் ஒவ்வொரு நெல்மணியும் கவலைக்குரியதே.

நெற்பயிரைத் தாக்கும் நோய்களுள் குலைநோய் மிகக் கொடியது. பூஞ்சையால் உண்டாகும் இந்நோய், இலைகளில் கண் வடிவப் புள்ளிகளை ஏற்படுத்தும். கதிரின் கழுத்தைத் தாக்கினால் மணிகள் பதராகிவிடும். இதனைத் தடுக்க உழவர்கள் பலர் இரசாயனப் பூஞ்சைக்கொல்லியையே நாடுகின்றனர். ஆனால், ஒரே மருந்தை மீண்டும் மீண்டும் தெளித்தால் பூஞ்சை அதைத் தாங்கும் ஆற்றலைப் பெற்றுவிடும். அதனால் செலவு கூடும். மண்ணும் நீரும் மாசடையும்.

இதற்கு ஒரு மாற்றுவழியைக் கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் காட்டியுள்ளது. சூடோமோனாஸ் புளோரசன்ஸ் எனும் நன்மை செய்யும் பாக்டீரியாவைப் பொடி வடிவில் தயாரித்து, ஒரு கிலோ விதைநெல்லுக்கு 10 கிராம் வீதம் கலந்து விதைக்க அது பரிந்துரைக்கிறது. இப்பாக்டீரியா வேரைச் சுற்றிக் குடியேறி, பூஞ்சைக்குத் தேவையான இரும்புச்சத்தைக் கவர்ந்து கொள்கிறது. பூஞ்சையை ஒடுக்கும் பொருள்களைச் சுரக்கிறது. பயிரின் நோய் எதிர்ப்பாற்றலையும் தூண்டுகிறது.

இம்முறை உடனடிப் பலன் தராது என்று சிலர் குறை கூறுவர். அது உண்மைதான். முற்றிய நோயை இது ஒரே நாளில் விரட்டிவிடாது. மேலும், பாக்டீரியா ஓர் உயிர் என்பதால் அதை வெயிலில் வைத்தாலோ இரசாயனப் பூஞ்சைக்கொல்லியோடு கலந்தாலோ அதன் பயன் குன்றிவிடும். எனினும், நோய் வந்தபின் வருந்துவதைவிட விதைக்கும்போதே காப்பது சிறந்ததன்றோ? சரியாகக் கையாளும் முறையை உழவர்கள் பயிற்சியின்வழி கற்றுக்கொள்ள முடியும்.

கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வடக்கே தஞ்சோங் காராங், செகிஞ்சான் வட்டாரங்களில் பரந்த நெல்வயல்கள் உள்ளன. செர்டாங்கிலோ மார்டி எனும் வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தின் அறிவு வயல்வரப்பை எட்ட வேண்டும். இந்நாட்டு மண்ணுக்கேற்ற பாக்டீரியாவைத் தேர்ந்து, உழவர்களின் வயல்களிலேயே சோதித்துக் காட்ட வேண்டும். நெல் உழவர்களுக்கு அரசு வழங்கும் உதவிகளில் இதுவும் இடம்பெறுவது அவசியம்.

இரசாயனத்தை ஒரே நாளில் கைவிட இயலாது. ஆயினும், அதன் அளவைப் படிப்படியாகக் குறைக்க இயலும். மண்ணைக் கெடுக்காமல் விளைச்சலைக் காப்பதே வருங்காலத் தலைமுறைக்குச் செய்யும் நன்மையாகும்.