தோட்டம் இருக்கும் வரைபடத்தில் நம் லயம் எங்கே?



காணி உறுதி கேட்டுப் போராடுகிறோம். உறுதிக்கு முதலில் வேண்டியது வரைபடம். அதனால்தான் இந்த மாதம் வரைபடங்களைப் பற்றி எழுதுகிறோம்.

1800-இல் தொடங்கிய நில அளவைத் திணைக்களம், ஒரு மைலை ஒரு அங்குலமாகச் சுருக்கி இலங்கை முழுவதற்கும் வரைபடத் தாள்களை வெளியிட்டது. நம் பக்கத்துப் பழைய தாள்களில் மலையின் உயரம், ஆறு, ரயில் பாதை, துரைமார் வைத்த தோட்டப் பெயர் எல்லாம் உண்டு. 1969-இல் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரம் எங்கே இருந்தது என்பதையும் அவற்றில் பார்க்கலாம். ஆனால் மேக்கணக்கு, பணியக்கணக்கு, பீலிக்கரை என்று நாம் தலைமுறையாகச் சொல்லும் பெயர்களை அங்கே தேடிப் பயனில்லை.

அந்த அளவில் 7 பேர்ச் காணி ஓர் ஊசிக்குத்துக்கு மேல் வராது. ஆகவே ஒவ்வொரு வீட்டுக் காணியையும் நில அளவையாளர் வந்து தனியாக அளந்து பிளான் போட வேண்டும். உறுதி என்று எந்தத் தாளைத் தந்தாலும் அதில் பிளான் இலக்கம், நான்கு எல்லை, பேர்ச் கணக்கு மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள்.

இன்னொரு வரைபடம் நம் உயிரோடு சம்பந்தப்பட்டது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடங்களைத் தயாரிக்கிறது. கொஸ்லந்தை மீரியபெத்தைக்கு 2005-இலும் 2011-இலும் எச்சரிக்கை விடப்பட்டது. ஆனாலும் மக்கள் அதே லயங்களில்தான் இருந்தார்கள். 2014 அக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. எச்சரிக்கையோடு பாதுகாப்பான காணியும் வீடும் வராவிட்டால் மக்கள் எங்கே போவார்கள்?

எனவே நம் கோரிக்கை இரண்டு. அபாய வரைபடத்தை ஒவ்வொரு டிவிசனிலும் தமிழில் விளக்க வேண்டும். வீட்டுக் காணி அளக்கும்போது தோட்டத் தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் கூட இருக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. பெரியவர்களைக் கேட்டு, பள்ளிப் பிள்ளைகளை வைத்து உங்கள் டிவிசனை வரையுங்கள். லயம், பீலி, கோயில், மயானம், மூடிப்போன ஓடை, மலையில் விழுந்த வெடிப்பு எல்லாவற்றையும் அவற்றின் பெயரோடு குறியுங்கள். ஒரு பிரதியைப் பிரதேச செயலகத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். இன்னொன்று சங்கக் கிளையில் இருக்கட்டும்.