சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜெர்மன் பாடம்

திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பத்தார் இருவர் இன்று ஒரு மணவீட்டில் சந்தித்தால், பந்தி முடிவதற்குள் பேச்சு ஜெர்மனிக்குச் சென்றுவிடுகிறது. "மகள் பி1 முடித்துவிட்டாள், பி2 எழுதப் போகிறாள்" என்பார் ஒருவர். "எங்கள் பையனுக்கு இலக்கணந்தான் உதைக்கிறது" என்பார் மற்றவர். நோர்க்கா ரூட்ஸ் நிறுவனம் 2021ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மன் அரசின் வேலைவாய்ப்பு முகமையோடு உடன்படிக்கை செய்துகொண்டது முதல், செவிலியர் பணியை நாடி அங்குச் செல்ல ஓர் அரசுவழியும் உண்டு. பிள்ளைகள் போவதை நாம் குறை கூறவில்லை. அம்மொழியின் இலக்கணத்தைப் பற்றி நம்மிடையே வழங்கும் இரு கருத்துகளையே குறை கூறுகிறோம்.

தேர்வுக்கு மட்டுமே இலக்கணம், சான்றிதழ் கைக்கு வந்தபின் அதற்கு வேலையில்லை என்பது ஒன்று. இலக்கணமே வேண்டா, அங்குப் போய்ச் சேர்ந்தால் காதில் விழுந்து தானே படிந்துவிடும் என்பது மற்றொன்று. ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றும் இவ்விரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளே. இலக்கணம் வேறு, வாழ்க்கை வேறு என்று இரண்டுமே நம்புகின்றன.

தானே படிந்துவிடும் என்போர் ஜெர்மனி வரை போக வேண்டா. தம் வீட்டுக் கண்ணாடியைப் பார்த்தால் போதும். கரமனையிலும் வலியசாலையிலும் கோட்டைக்குள்ளும் தலைமுறைகளாக வாழும் நமக்கு மலையாளம் எந்த அளவுக்குப் படிந்திருக்கிறது? "மலையாளமா, தமிழ்தானே அது!" என்று சொல்லிச் சொல்லியே அதன் இலக்கணத்தைக் கவனியாமல் விட்டோம். தமிழில் "வந்தாள்" என்றால் வந்தவள் யார் என்பதை விகுதியே காட்டும். மலையாளத்தில் அவனும் அவளும் நானும் எல்லாரும் "வந்நு"தான். நாமோ பழக்கத்தால் எழுவாயை விழுங்கிவிட்டு "வந்நு" என்று மட்டும் சொல்கிறோம். எதிரில் நிற்பவர் "ஆரு?" என்று கேட்டால், அவருக்குக் காது மந்தமோ என ஐயுறுகிறோம்! மலையாள வினை இவ்வாறு விகுதியை இழந்த வரலாற்றை, இந்நகரிலேயே பணியாற்றிய ஏ. ஆர். இராஜராஜ வர்மா, 1896இல் வெளிவந்து 1917இல் திருத்தம் பெற்ற தம் கேரளபாணினீயத்தில் விளக்கியிருக்கிறார். அதைப் படித்திருக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. சாலைக் கடைத்தெருவில் ஒரு நாள் காது கொடுத்து நின்றிருந்தாலே போதும்.

தச்சர் "நாளெ வராம்" என்றார். அதை நம் "வரலாம்" என்று கொண்டு, வந்தாலும் வருவார், வராமலும் இருப்பார் என வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே சென்றோம். அவர் சொன்னதோ, வருகிறேன் என்னும் உறுதிமொழி. பூட்டிய கதவைக் கண்டு திரும்பிய அவர் பின்னர் நம் தெருப்பக்கமே வரவில்லை. இன்னொரு நாள் அண்டை வீட்டு முதியவரை மிக்க மரியாதையோடு "நிங்ஙள்" என்று அழைத்தோம். அவர் முகம் சுருங்கியது. நம் "நீங்கள்" தரும் உயர்வை இப்பகுதியில் "நிங்ஙள்" மூத்தோருக்குத் தருவதில்லை என்பதை அச்சுருக்கமே நமக்குக் கற்பித்தது. முன்னிலைப் பன்மை என்று நூலில் ஒரு வரியாகக் கிடப்பது, தெருவில் ஒருவரது மானமாக நிற்கிறது.

இப்பழக்கத்தையே நம் பிள்ளைகள் பெட்டியில் வைத்துக் கொண்டுசெல்கிறார்கள். ஜெர்மனிலும் "டூ", "ஸீ" என முன்னிலை இரண்டு. எவரிடம் எது, அதை யார் முதலில் மாற்றுவது என்பதை அட்டவணை சொல்லாது. "ஹால்ப் ட்ரை" என்றால் சொல்லுக்குச் சொல் 'அரை மூன்று'. மூன்றரை எனத் தமிழ்க்காது எடுத்துக்கொள்ளும். அவர்களுக்கோ அது இரண்டரை. மருத்துவர் குறித்துக்கொடுத்த நேரத்துக்கு ஒரு மணி பிந்திப் போய் நிற்பவர், எண்ணுப்பெயர்ப் பாடத்தில் முழு மதிப்பெண் பெற்றவராகவே இருக்கலாம்.

உணவு மேசைக்கு வருவோம். கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டுமன்று: டேர் லோஃபல், டீ காபல், டாஸ் மெஸ்ஸர். பொருளை நோக்கித் திணையும் பாலும் வகுத்த தொல்காப்பியத்தின் வழிவந்த நமக்கு இது பைத்தியக்காரத்தனமாகவே தோன்றும். தோன்றட்டும். கரண்டியைச் செயப்படுபொருளாக்கி "எடு" என்றால் "டேர்" என்பது "டேன்" ஆகும். மற்ற இரண்டும் மாறா. இதை அட்டவணையாக உருவேற்றியவர் தேர்வு முடிந்த மறுநாளே மறக்கிறார். நாள்தோறும் மேசையில் கேட்டு வாங்கி, தவறித் திருத்தப்பட்டவர்க்கு அது கைப்பழக்கமாகிறது.

செவிலியராகச் செல்லும் பெண்ணுக்கு இது மேசையோடு நிற்பதன்று. ஒரு மருந்தைத் தொடங்குதல் "அன்ஸெட்ஸன்"; நிறுத்துதல் "அப்ஸெட்ஸன்". மருத்துவர் வாக்கியமாகச் சொல்லும்போது "ஸெட்ஸன்" முன்னே வந்துவிடும். "அன்"னோ "அப்"போ பிரிந்து கடைசியில் தனியே வந்து விழும். இறுதிச் சொல்லைக் கேளாமல் நகர்ந்தவளுக்குத் தொடங்குவதும் நிறுத்துவதும் ஒன்றே. படுக்கையில் கிடப்பவருக்கு ஒன்றாகுமா? இங்குத் தமிழ்ப்பெண்ணுக்கு ஒரு வசதி உண்டு. "கொடுக்க" என்பதைக் கேட்டபின்னும் "வேண்டும்", "வேண்டாம்" என்பதற்காகக் காத்திருந்து வளர்ந்த காது அது. ஆயின் அவளுக்கு இந்த ஒப்புமையை எடுத்துக்காட்டியவர் யார்? தன் மொழியின் இலக்கணத்தையே வேம்பென ஒதுக்கும் வீட்டில் அதை யார் காட்டுவார்?

எதிர்த்திசையில் பயணம் செய்தவர்களைப் பாருங்கள். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியர் சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகினார். அவரே 1716இல் தமிழுக்கு இலத்தீனில் இலக்கணநூல் வெளியிட்டார். தலைச்சேரி இல்லிக்குன்றில் வாழ்ந்து மக்கள் வழக்கைத் திரட்டிய ஹெர்மன் குண்டர்ட், மலையாள இலக்கணமும் 1872இல் அகராதியும் தந்தார். மணலும் நூலும் அவர்களுக்கு வெவ்வேறாகவில்லை. சமயப்பணிக்காகக் கற்றவர்கள் அவர்கள் என்று சிலர் உதடு பிதுக்கலாம். நம் பிள்ளைகள் வயிற்றுப் பிழைப்புக்காகக் கற்கிறார்கள்; தேவை குறைந்தா போயிற்று?

நேரமில்லை என்பதே நாம் கேட்கும் மறுப்பு. பேருந்துக்கு நிற்கும்போதும் மீன் வாங்கும்போதும் காதுக்கு வேறென்ன வேலை? பயணத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகளைச் சாலைக்கு அனுப்புங்கள். மலையாளத்தில் பேசி, எங்கே தவறினோம் என்று இரவில் நான்கு வரி எழுதட்டும். ஆண்டுக்கொரு பட்டிமன்றம் நடத்தும் நம் சங்கம், மாதத்தில் ஒரு மாலையை அந்த நான்கு வரிகளுக்கு ஒதுக்கினால் என்ன? அடுத்த கூட்டத்தில் இதனை எழுப்புவோம். எதிர்ப்போர் வந்து எதிர்க்கட்டும். வினைமுற்றை மட்டும் விழுங்காமல் பேசட்டும்.