புல்லுருவி என்னும் பழிச்சொல்

ஒருவனைப் 'புல்லுருவி' என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் வசைச்சொல் வேண்டியதில்லை. பிறருடைய உழைப்பை உறிஞ்சி உயிர் வாழ்கிறவன் என்பது அதன் பொருள். மனிதனாயிருந்தால் தன் கட்சியை எடுத்துச் சொல்லிக்கொள்வான். வாயில்லாத செடியின்மேல் அந்தப் பழி விழுந்தால் அது என்ன செய்யும்?

அப்படிப் பழி சுமந்த செடிக் கூட்டம் ஒன்று உண்டு. தாவர சாஸ்திரிகள் அதற்கு 'வாண்டா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆர்க்கிட் என்னும் பெரிய குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பேரினம் அது. லத்தீனும் கிரேக்கமும் ஆட்சி செய்யும் தாவரப் பெயர்ப் பட்டியலிலே நம் நாட்டு மொழியொன்று இடம் பெற்றிருப்பது பற்றி நாம் மகிழ்ச்சியடையலாம். ஏனெனில் 'வந்தா' என்பது வடமொழிச் சொல். ஆனால் அதன் அர்த்தத்தைக் கேட்டால் மகிழ்ச்சி சிறிது குறையும். மரத்தின்மேல் தொற்றி வளரும் புல்லுருவி என்பதே அந்த அர்த்தம்.

குற்றச்சாட்டு உண்மைதானா என்று முதலில் விசாரிப்போம்.

உண்மையான புல்லுருவியின் விதையைப் பறவைகள் கொண்டுவந்து கிளையில் ஒட்டிவிடுகின்றன. அது முளைத்ததும் உறிஞ்சு வேரை மரத்தின் சதைக்குள்ளே செலுத்துகிறது. மரம் தன் வேர்களால் தேடிச் சேர்த்த நீரையும் உப்புச் சத்துக்களையும் வழியிலேயே பறித்துக்கொள்கிறது. அந்தக் கிளையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், மரமும் புல்லுருவியும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பது தெரியும்.

வாண்டாவின் வேரோ மரப்பட்டையைத் தாண்டி உள்ளே போவதேயில்லை. கயிறு போல் தடித்த அந்த வேர்களில் சில பட்டையைப் பற்றிக்கொண்டிருக்கும். சில ஆகாயத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். அவற்றின்மேல் வெண்மையான, பஞ்சு போன்ற உறை ஒன்று உண்டு. உயிரற்ற வெற்று அறைகளால் ஆன அந்த உறை, மழை பெய்தவுடன் நீரை இழுத்து வைத்துக்கொள்ளும். அப்போது வெண்மை மறைந்து, உள்ளேயிருக்கும் பச்சை வெளித் தெரியும். மழை நீரும், பட்டை இடுக்கில் தங்கும் தூசியும், மக்கிய இலையுமே அதற்கு ஆகாரம். மற்றதைச் சூரிய வெளிச்சத்தைக் கொண்டு தன் இலைகளிலே தானே சமைத்துக்கொள்கிறது. மரத்தினிடம் அது கேட்பதெல்லாம் நிற்பதற்கு ஓர் இடம். வாடகை கொடாத குடித்தனக்காரர் என்று வேண்டுமானால் சொல்லலாம். திருடர் என்று சொல்ல நியாயமில்லை.

அப்படியானால் இந்தப் பெயர் எப்படி வந்தது? அது பல பேர் கைபட்ட கதை.

பதினேழாம் நூற்றாண்டில் கொச்சியில் டச்சுக்காரர்களின் அதிபதியாயிருந்த வான் ரீட் என்பவர், மலையாள நாட்டுச் செடிகளைப் பற்றி 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' என்ற நூலைப் பன்னிரண்டு பாகங்களாக வெளியிட்டார். 1678 முதல் 1693 வரை அவை வெளிவந்தன. இட்டி அச்சுதன் என்ற நாட்டு வைத்தியர் தம் பரம்பரை அறிவையெல்லாம் அந்த நூலுக்கு வழங்கினார். அதில் மரத்தின்மேல் வளரும் மஞ்சள் பூச்செடி ஒன்று 'பொன்னம்பூ மரவாழை' என்ற பெயரில் சித்திரத்தோடு காணப்படுகிறது. என்ன அழகான பெயர், பாருங்கள்! பூவின் நிறமும் செடியின் இருப்பிடமும் அதிலேயே அடங்கிவிட்டன. அதில் பழிச்சொல் எதுவும் இல்லை.

1753-ஆம் ஆண்டில் ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் உலகத்துச் செடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் சூட்டினார். முதற்பெயர் பேரினத்தையும் இரண்டாம் பெயர் அதனுள் அடங்கிய இனத்தையும் குறிக்கும். மரத்தின்மேல் வளரும் ஆர்க்கிட்டுகளைப் பெரும்பாலும் அவர் 'எபிடெண்ட்ரம்' என்ற ஒரே கொட்டடியில் அடைத்துவிட்டார். 'மரத்தின்மேல் இருப்பது' என்பதே அச்சொல்லின் பொருள். நமது பொன்னம்பூவும் அங்கே போய்ச் சேர்ந்தது. ஒரே தெருவில் குடியிருக்கிறார்கள் என்பதற்காக எல்லோரையும் ஒரே குடும்பத்தார் என்று எழுதிக்கொண்டதற்கு அது சமானம்.

பின்னர் ராக்ஸ்பரோ என்பவர் சோழமண்டலக் கரையின் தாவரங்களைப் பற்றி எழுதிய நூலில், 1795-இல், மற்றொரு செடியை வர்ணித்தார். பழுப்பும் மஞ்சளும் கலந்த இதழ்களில் கட்டம் கட்டமாய்க் கோடுகள், நடுவே நீலம் தோய்ந்த உதடு, நல்ல வாசனை. அதையும் அவர் எபிடெண்ட்ரம் என்றே சொன்னார். அதே காலத்தில், கல்கத்தாவில் நீதிபதியாயிருந்தவரும் ஆசியக் கழகத்தை 1784-இல் நிறுவியவருமான வில்லியம் ஜோன்ஸ், 'வந்தா' என்ற வடமொழிப் பெயரால் அச்செடியைக் குறித்திருந்தார். 1820-இல் ராபர்ட் பிரவுன் அந்தச் சொல்லையே எடுத்துப் புதிய பேரினத்தின் பெயராக முறைப்படி நிலைநாட்டினார். இன்று 'வாண்டா டெஸ்ஸெலேட்டா' என வழங்கும் கட்டமிட்ட பூவே அந்தப் பேரினத்துக்கு மூலப் பிரமாணம். நம் நாட்டுச் சமவெளிகளில் மாமரத்திலும் இலுப்பை மரத்திலும் காணக்கூடியது அது.

வாண்டா என்று ஒரு செடியை எவ்வாறு அடையாளம் காண்பது? தண்டு பக்கத்திலே படராமல் நுனியிலேயே மேன்மேலும் வளர்ந்துகொண்டு போகும். வேறு பல ஆர்க்கிட்டுகளில் காணும் கிழங்கு போன்ற புடைப்பு இதில் இராது. வார் போன்ற கெட்டியான இலைகள் இரண்டு வரிசையாய் அமைந்திருக்கும். இலைக்கக்கத்திலிருந்து பூங்கொத்து கிளம்பும். வெளியிதழ் மூன்றும் உள்ளிதழ் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாயலாயிருக்கும். எஞ்சிய ஓர் உள்ளிதழ்தான் உதடு. மூன்று பிரிவுள்ள அந்த உதட்டின் அடியிலே சிறு கொம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். மகரந்தம் தூளாய் உதிராமல் இரண்டு கட்டிகளாய்த் திரண்டு, ஒரு பசைத் தட்டின்மேல் நிற்கும். பூவிற்கு வரும் பூச்சி அதை மொத்தமாகச் சுமந்துகொண்டு போய் அடுத்த பூவில் சேர்க்கும்.

இத்தனை இலக்கணம் வகுத்த பிறகும் சாஸ்திரிகளின் வழக்கு ஓயவில்லை. சிங்கப்பூரில் ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்மணியின் தோட்டத்தில் பூத்த ஒரு கலப்புச் செடியை, 1893-இல் ரிட்லி என்ற தாவர அறிஞர் 'வாண்டா மிஸ் ஜோக்கிம்' என்று உலகத்துக்கு அறிவித்தார். 1981-இல் அது அந்நாட்டின் தேசிய மலராயிற்று. ஆனால் அதன் தாய் தந்தையரின் இலைகள் வாரைப் போலில்லாமல் பென்ஸிலைப் போல் உருண்டவை. அந்த உருண்டை இலைக் கூட்டத்துக்காக ஷ்லெக்டர் என்னும் ஜெர்மானியர் 1915-இலேயே 'பாப்பிலியோனாந்தே' என்ற தனிப் பேரினம் வகுத்திருந்தார். இன்று சாஸ்திர முறைப்படி அந்தத் தேசிய மலர் வாண்டாவே அல்ல! எபிடெண்ட்ரத்திலிருந்து வாண்டாவுக்கு வந்த நம் பொன்னம்பூவும் அங்கே நிலைக்கவில்லை. 1992-இல் அதற்கு 'டாப்ரோபானியா' என்ற தனி வீடு கிடைத்தது. இலங்கைக்குப் பழைய கிரேக்கர் வைத்திருந்த பெயரிலிருந்து பிறந்த சொல் அது. மறுபுறம், ஜப்பானியர் போற்றி வளர்க்கும் வெள்ளைப் பூச்செடியும், பிலிப்பைன் தீவுகளின் 'வாலிங் வாலிங்' மலரும் முன்பு வேறு பேரினங்களில் இருந்தவை. உயிரணுவின் மரபுப் பொருளை ஒப்பிட்ட ஆராய்ச்சியின் பயனாக இப்போது வாண்டாக்களாகிவிட்டன. தோற்றத்தைக் கொண்டு பிரித்தவர்களை, உள்ளே ஓடும் இரத்த சம்பந்தம் கூட்டி வைத்தது போலாயிற்று.

"பெயர் எதுவானால் என்ன? பூ பூவாக இருந்தால் போதாதா?" என்று வீட்டிலே கேட்பவர்கள் உண்டு. போதாது என்பதற்கு மூன்று சாட்சிகளைக் கூப்பிடுகிறோம்.

முதலாவது வைத்தியம். வாத நோய்க்கான மருந்துகளில் 'ராஸ்னா' என்ற சரக்கு சேர்கிறது. அது எந்தச் செடி என்று கேட்டால், நம் தென்னாட்டில் அரத்தையைக் காட்டுவார்கள். வங்காளத்தில் வாண்டாவின் வேரைக் காட்டுவார்கள். வடக்கே போனால் 'புளூச்சியா' என்ற முற்றிலும் வேறான செடியைக் காட்டுவார்கள். மூன்றும் மூன்று குடும்பங்களைச் சேர்ந்தவை. ஒரே பெயரை நம்பி மூன்று வேர்களை அரைத்துக் குடிக்கும் நோயாளிக்குப் பெயர் ஒரு விளையாட்டு விஷயமல்ல.

இரண்டாவது சாட்சி சட்டம். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 1991-இல் திருத்தியபோது, ஆறு தாவரங்களுக்குத் தனிக் காப்பு அளித்தார்கள். நீல வாண்டாவும் சிவப்பு வாண்டாவும் அவற்றில் இரண்டு. இந்தச் 'சிவப்பு வாண்டா' உண்மையில் 'ரெனந்தெரா' என்ற வேறு பேரினத்தைச் சேர்ந்தது. சட்டத்தில் சாஸ்திரப் பெயரையும் சேர்த்து எழுதியிருப்பதால்தான் எந்தச் செடி என்பதில் சந்தேகம் எழவில்லை.

மூன்றாவது சாட்சி நீல வாண்டாவே. கிரிபித் என்பவர் காசி மலைகளில் அதை 1837-இல் கண்டார். லிண்ட்லி 1847-இல் 'வாண்டா ஸீருலியா' என அதற்குப் பெயரிட்டார். ஆர்க்கிட்டுகளில் நீலம் அபூர்வம். ஆகவே இங்கிலாந்துத் தனவந்தர்களுக்கு அதன்மேல் பித்துப் பிடித்தது. ஜோசப் ஹூக்கர் என்ற பெரிய தாவர அறிஞர் 1850-இல் அம்மலைகளின் ஓக் மரக் காடுகளிலிருந்து, கியூ நகரத்து அரசாங்கத் தோட்டத்துக்காக, ஏழு ஆள் சுமை நீல வாண்டாக்களைச் சேகரித்தார். அவற்றில் உயிரோடு போய்ச் சேர்ந்தவை மிகச் சில. கூட ஒரு தோட்டக்காரனை அனுப்பி இடத்தைத் தெரிந்துகொண்ட வேறொரு கனவான், ஓர் ஆள் சுமையைக் கப்பலேற்றி, அது வாடிய நிலையில் போய்ச் சேர்ந்தும் முந்நூறு பவுனுக்கு விற்றார். இவற்றை ஹூக்கரே தம் பிரயாண நூலில் எழுதியிருக்கிறார். இதைப் படித்த வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? காடுகள் சூறையாடப்பட்டன. மரத்தைச் சுரண்டாத செடி புல்லுருவி என்று பெயர் பெற்றது. மலையையே சுரண்டியவர்களுக்கு என்ன பெயர் சூட்டலாம் என்பதை நேயர்களின் தீர்ப்புக்கு விட்டுவிடுகிறோம்.

ஆயினும் கதை துக்கத்திலேயே முடிந்துவிடவில்லை. ஆர்க்கிட்டின் விதை தூசி போன்றது. முளைக்கும் குழந்தைக்குக் கட்டுச்சோறு அதில் இல்லை. காட்டிலே ஒருவகைப் பூஞ்சணம்தான் செவிலித்தாய் போல் ஊட்டி வளர்க்கிறது. 1922-இல் அமெரிக்காவில் நட்ஸன் என்பவர், சர்க்கரை சேர்த்த கூழைக் கண்ணாடிக் குப்பியில் வைத்துப் பூஞ்சணமின்றியே விதைகளை முளைக்கச் செய்தார். 1931-இல் நீல வாண்டாவையும் வாலிங் வாலிங்கையும் கலந்த 'ராத்ஸ்சைல்டியானா' பதிவாயிற்று. இன்று பூக்கடைகளில் நாம் காணும் நீலநிற வாண்டாக்கள் பெரும்பாலும் நீல வாண்டாவின் கலப்புச் சந்ததிகள். காட்டில் பறித்தவை அல்ல. தோட்டங்களில் இவ்வாறு பெருகியதனால், சர்வதேச வியாபார ஒப்பந்தத்தில் நீல வாண்டாவுக்கு இருந்த மிகக் கடுமையான கட்டுப்பாட்டை 2005-இல் ஒரு படி தளர்த்தினார்கள். பூவை விரும்பும் இல்லத்தார் தோட்டத்தில் பெருக்கிய செடியையே கேட்டு வாங்குவது நலம்.

பெயரை மாற்றிவிடலாமே என்று தோன்றும். அதற்கு இடமில்லை. முறைப்படி வெளியான பெயர் பொருத்தமற்றது என்பதற்காக மட்டும் அதைத் தள்ளக்கூடாது என்பது தாவரப் பெயர் விதி. ஆகவே வாண்டா கடைசி வரையில் வாண்டாதான். பெயரில் உள்ள பழியை நம்மால் துடைக்க முடியாது. ஆனால் அந்தப் பழியின்பேரில் விதிக்கும் தண்டனையை நிறுத்தலாம். தோட்டத்து மாமரத்தைச் சுத்தம் செய்கிறவர் அரிவாளோடு வரும்போது, வீட்டுக்காரர் ஒரு நிமிஷம் அருகில் சென்று பார்க்கட்டும். கிளைக்குள்ளே ஊன்றியிருந்தால் புல்லுருவி. தாராளமாக வெட்டச் சொல்லலாம். வெண்மையான கயிற்று வேர்கள் பட்டையின்மேல் படிந்தோ காற்றில் தொங்கியோ இருந்தால், கட்டமிட்ட அந்தப் பூ மலரும் வரையில் பொறுத்திருக்கட்டும்.