பொடிக்கு முன்னே பசி வேண்டும்

மதியம் சாப்பிட்டது அந்தி வரை நெஞ்சிலேயே நிற்கிறது என்று அக்கா சொன்னாள். நாகர்கோவிலில் அஷ்ட சூரணம் வாங்கிக் கொடுத்தேன். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், இந்துப்பு, சீரகம், கருஞ்சீரகம், பெருங்காயம் சேர்ந்த பொடி. வாக்பட்டரின் ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயம் சொல்லும் முறை, நெய்யில் குழைத்து முதல் கவளச் சோற்றோடு உண்பது. அக்காவோ சாப்பிட்டு முடித்தபின் வெந்நீரில் கலக்கிக் குடித்தாள். பலர் வீட்டிலும் இதுதான் வழக்கம். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம். ஆனாலும் அக்கினி மந்தம் எனும் செரிமானக் குறைவுக்குப் பொடியைவிடச் சாப்பாட்டு ஒழுங்குதான் பெரிய மருந்து என்பேன். அதே நூல் வயிற்றை நான்காகப் பிரிக்கிறது: இரண்டு பங்கு உணவு, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு வெற்றிடம். முன்பு உண்டது செரித்துப் பசித்தபிறகே அடுத்த வேளை. நள்ளிரவுப் பரோட்டாவை விடாமல் சூரணத்தை மட்டும் மாற்றி மாற்றி வாங்குவதில் பயனில்லை. சூரணத்தில் உப்பு இருப்பதால் ரத்தக் கொதிப்புக்காரர்கள் மருத்துவரைக் கேட்டே எடுக்கவேண்டும். காரணமின்றி உடல் மெலிந்தாலோ, மலம் கறுத்தாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ பொடியோடு நாளைக் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.